சொருகிப் பாத்துட்டு காசு குடு: லோ யாட்ல ஒரு மூலைக் கடையும் என்னோட லினக்ஸ் லேப்டாப்பும்

மொதல்லயே சொல்லிடறேன், இது கடை ரிவ்யூ தான், ஆனா கடை பேரு இருக்காது. தவுக்கே, அதான் கடை மொதலாளி, அவர் கிட்ட கேட்டேன், "பேரு போடாத லா, போட்டா எல்லாம் சும்மா சொருகிப் பாக்க மட்டும் வருவான்"னுட்டாரு. எடத்த மட்டும் சொல்றேன், லோ யாட் பிளாசா, கோலாலம்பூர்ல கம்ப்யூட்டர், போன் கடைங்க நெறஞ்ச மால், அதோட மேல் மாடில போன் ரிப்பேர் கடைங்க முடியற எடத்துல ஒரு மூலை. கவுண்டர் முன்னால ரெண்டு பேரு நின்னா மூணாவது ஆளு தோளத் திருப்பிக்கிட்டுத் தான் நிக்கணும், அவ்ளோ தான் கடை.

நான் ஏன் அங்க போனேன்னா, எங்கக்கா செந்தூல்ல டியூஷன் சென்டர் வச்சிருக்கா, மூணு பழைய லேப்டாப். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட அப்டேட்ட நிப்பாட்டிட்டாங்க, இந்த மூணுலயும் விண்டோஸ் 11 ஏறாது, புதுசு வாங்க அக்கா கிட்ட காசு இல்ல, அதனால நான் தான் பெரிய இவன் மாதிரி "நான் லினக்ஸ் போட்டுத் தரேன் க்கா"னு வாயக் குடுத்துட்டேன். லினக்ஸ்னா விண்டோஸுக்குப் பதிலா சும்மாவே போட்டுக்கற சிஸ்டம், மிண்ட் அதுல ஒரு வகை. ரெண்டுல லினக்ஸ் மிண்ட் 22. ஒன்னுல மட்டும் ஏற்கனவே நான் போட்டு வச்சிருந்த மிண்ட் 21, அத மாத்த சோம்பேறித்தனம், அப்படியே விட்டேன். இந்த சோம்பேறித்தனம் பின்னால எவ்ளோ வேலை வச்சுதுனு வருது.

மிண்ட் போட்டது அரை நாள் வேலை. ஸ்க்ரீன், சவுண்டு, கீபோர்டு எல்லாம் தானா வந்துருச்சு, தமிழ் டைப் பண்ண ஐபஸ்ங்கற கீபோர்டு செட்டிங்ல தமிழ்99 சேத்ததுக்கு மொத்தமே அஞ்சு நிமிஷம். வெளிய இருந்து சொருகற சாமான்ல தான் தலவலி. சென்டர் புது ஷாப்லாட்டுக்கு மாறுச்சு, அங்க ஃபைபர் போர்ட்டு காலி இல்ல, எப்ப வரும்னு யாருக்கும் தெரியல, அது வரைக்கும் 4ஜி மோடம் ஒன்னு வேணும், கூடவே ஒரு வைஃபை டாங்கிள் (யூஎஸ்பில சொருகற குட்டி குச்சி), அப்புறம் ஃபீஸ் ரசீது அடிக்கிற குட்டி பிரிண்டர்.

மோடம்னு சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது வீட்டு ட்ராயர்ல கெடந்த பழைய டாங்கிள். சொருகுனேன், மிண்ட் உடனே பிடிச்சுது, ஏபிஎன், அதான் சிம் கம்பெனியோட நெட் செட்டிங், கேட்டுச்சு போட்டேன், மேல நாலு கோடு சிக்னல், கனெக்டட்னு காட்டுது. ஆனா ஒரு பக்கம் கூட தொறக்கல. ராத்திரி எட்டு மணில இருந்து பதினொன்னு வரைக்கும் டிஎன்எஸ் மாத்திப் பாத்தேன், மோடத்தப் பாத்துக்கற மோடம் மேனேஜர தூக்கிட்டுத் திரும்பப் போட்டேன், அக்கா வந்து "விண்டோஸ்ல இப்படி இல்லியே டா"னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா பாருங்க, அது தான் வலிச்சுது. கடைசில எம்எம்சிஎல்ஐ-னு ஒரு கமாண்டு இருக்கு, மோடத்தோட ஜாதகத்தையே கக்கும், அதுல அக்சஸ் டெக்னாலஜிங்கற வரில 'எட்ஜ்'னு, அதாவது 2ஜினு இருந்துச்சு. அப்ப தான் மண்டைல ஏறுச்சு, மலேசியால 3ஜி-ய 2021 கடைசியோட மூடிட்டாங்க. இது 3ஜி டாங்கிள், 4ஜி தெரியாது, 3ஜி இல்ல, பாவம் எறங்கி 2ஜில போய் ஒக்காந்துருக்கு. லினக்ஸ் மேல ஒரு தப்பும் இல்ல. உங்க வீட்டு ட்ராயர்லயும் இப்படி ஒன்னு கெடக்கும், தூக்கிப் போடுங்க.

மறுநாள் வீட்டுப் பக்கத்துலயே ஒரு கடைல வைஃபை டாங்கிள் வாங்கினேன், 35 வெள்ளி (ரிங்கிட்). டப்பால பெங்குவின் படம் கூட இருந்துச்சு, லினக்ஸ் சப்போர்ட்டாம். மிண்ட் 22 லேப்டாப்ல சொருகுனா வேல செய்யுது. அதே டாங்கிள், அதே மேசை, மிண்ட் 21 லேப்டாப்ல சொருகுனா மூச்சே இல்ல. திருப்பிக் குடுக்கப் போனேன், "இன்னொன்னுல ஓடுதுல்ல, அப்ப சாமான் நல்லா தான் இருக்கு, ஒங்க கம்ப்யூட்டர் தான் கோளாறு"னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவங்க சொன்னதுல பாதி உண்மைங்கறது அப்ப எனக்குத் தெரியாது, கடுப்புல தான் சனிக்கிழமை மூணு லேப்டாப்பையும் பையில போட்டுக்கிட்டு செந்தூல்ல கொமியூட்டர் புடிச்சு கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து மோனோரயில், இம்பில எறங்கி லோ யாட். முதுகு போச்சு.

ஏழெட்டு கடை ஏறி எறங்கினேன். எல்லா எடத்துலயும் ஒரே கேள்வி கேட்டேன், காசு குடுக்கறதுக்கு முன்னாடி என் லேப்டாப்ல சொருகிப் பாக்கலாமா. டப்பாவத் தொறந்தா வாங்கியே ஆகணும்னாங்க. நியாயம் தான், அவங்க யாவாரம். லினக்ஸ்னு சொன்னதும் ஒருத்தர் சிரிச்சாரு.

இந்த மூலைக் கடைல மட்டும் தவுக்கே நிமிந்து கூட பாக்காம "சூபா டூலு, பாரு பாயார்"னாரு. சொருகிப் பாரு, பொறகு குடு. அறுபது வயசுக்கு மேல இருக்கும், கண்ணாடி மூக்கு நுனில. கூட ஒரு தமிழ்ப் பையன், கிள்ளான்காரன், நான் தம்பினு கூப்பிட அவன் அண்ணேனு கூப்பிட, அங்கயே பாதி டென்ஷன் எறங்கிருச்சு. அவன் மொத கேட்டது என்ன மாடல்னு இல்ல. "அண்ணே, டெர்மினல் தொறங்க, எல்எஸ்யூஎஸ்பி அடிங்க"னான். சொருகியிருக்கற யூஎஸ்பி சாமான லிஸ்ட் போடற கமாண்டு அது.

இங்க தான் நான் கத்துக்கிட்ட விஷயம். யூஎஸ்பி சாமான் ஒவ்வொன்னுக்கும் உள்ள ரெண்டு நம்பர் இருக்கும், முன்னாடி நாலு எழுத்து கம்பெனி, பின்னாடி நாலு எழுத்து சாமான். டப்பால என்ன படம் போட்டிருந்தாலும் சரி, டிரைவர் தேட கெர்னல் (லினக்ஸோட உள் எஞ்சின்) முக்கியமா பாக்கறது இந்த நம்பரத் தான். ஒரே பேரு, ஒரே டப்பா, வி1 வி2 வி3-னு ஓரத்துல பொடி எழுத்துல இருக்கும், உள்ள சிப்பு ஒவ்வொன்னுலயும் வேற வேற. அதனால "இந்த மாடல் லினக்ஸ்ல ஓடுமா"ங்கற கேள்விக்கே சரியான பதில் கெடையாது, எந்த சிப்பு, எந்த கெர்னல்னு கேக்கணும்.

என்னோட 35 வெள்ளி டாங்கிள்ல இருந்தது ரியல்டெக் 8811சியூ சிப்பு. அதுக்கான டிரைவர் கெர்னலுக்குள்ளயே வந்தது 6.2-ல இருந்து தான். மிண்ட் 22-ல கெர்னல் 6.8, ஓடுது. என் சோம்பேறித்தன மிண்ட் 21-ல 5.15, ஓடல. அவ்ளோ தான் மர்மம். தம்பி அப்டேட் மேனேஜரத் தொறந்து, மேல வியூ மெனுல லினக்ஸ் கெர்னல்ஸ்னு இருக்கறதக் காட்டி 6.8-ஐ ஏத்துனான், ரீஸ்டார்ட் பண்ணோம், வைஃபை லிஸ்ட்டு வந்துச்சு, அதுல லோ யாட்ல உள்ள அத்தன கடை வைஃபையும் வருசையா நிக்குது. நான் அவங்க கிட்ட ஒரு சாமானும் வாங்கல அது வரைக்கும், நெனச்சுப் பாருங்க.

அந்த டாங்கிள்ல இன்னொரு கூத்தும் உண்டு. சொருகுன ஒடனே அது வைஃபைனு சொல்லாது, நான் ஒரு சிடி டிரைவ்னு சொல்லும், உள்ள விண்டோஸ் டிரைவர் ஒளிச்சு வச்சிருப்பாங்க. எல்எஸ்யூஎஸ்பில ரியல்டெக் டிஸ்க்னு வரும். யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்னு ஒரு புரோகிராம் தான் அதத் தட்டி எழுப்பி "டேய் நீ வைஃபை டா"னு சொல்லணும். பெரும்பாலும் தானா நடக்கும், நடக்கலனா ஃபைல் மேனேஜர்ல அந்த சிடிய எஜெக்ட் பண்ணாலே நெறைய நேரம் மாறிக்கும். புதுசா வைஃபை டாங்கிள் வாங்கறவங்களுக்கு தம்பி சொன்ன வழி, மீடியாடெக் 7612யூ இல்லனா 7610யூ சிப்பு உள்ளதா பாத்து வாங்குங்க, 4.19-ல இருந்தே கெர்னல்ல இருக்கு, பழைய லினக்ஸா இருந்தாலும் கண்ண மூடிக்கிட்டு சொருகலாம். விலை கூட தான்.

சரி, மோடம். கண்ணாடி அலமாரில இருந்து ரெண்டு எடுத்து வச்சான், ரெண்டுமே செகண்ட் ஹேண்ட். மொதல்ல ஹுவாவே ஈ3372. "அண்ணே, டிமெசேஜ் ஹைஃபன் டபிள்யூ ஓட விட்டுட்டு சொருகுங்க"ன்னான். கெர்னல் என்ன பாக்குதுனு அப்பப்ப வரியா காட்டற கமாண்டு அது. ஓட விட்டேன், சொருகுனேன், கருப்பு ஸ்க்ரீன்ல வரி வரியா வருது. மொத புது டிவைஸ்னு ஒரு வரி, நம்பர் 12டி1:1எஃப்01, அப்புறம் யூஎஸ்பி ஸ்டோரேஜ், சிடி ராம், இதுவும் அதே வேஷம் தான். ஒரு ரெண்டு செகண்ட் சும்மா இருக்கு. அப்புறம் டிஸ்கனெக்ட்னு ஒரு வரி, எனக்கு திக்குனு ஆச்சு, செத்துப் போச்சுனு நெனச்சேன், தம்பி "இருங்க இருங்க"னு கைய காட்டுறான், அடுத்த வரில திரும்ப வருது, இந்த தடவ நம்பர் 12டி1:14டிசி, பக்கத்துல சிடிசி ஈதர். அதாவது வேஷத்தக் கலச்சிட்டு நெட்வொர்க் கார்டா வந்து நிக்குது. இதுல மோடம் மேனேஜர், டயல் பண்றது, ஒன்னும் கெடையாது, டாங்கிளே ஒரு குட்டி ரவுட்டர், ப்ரவுசர்ல 192.168.8.1 அடிச்சா அதோட பக்கம் வருது, ஏபிஎன் அங்க தான் போடணும். லேப்டாப்புக்கு இது வெறும் லேன் கேபிள் மாதிரி.

ரெண்டாவது ஒரு பழைய மாடல் ஸ்டிக். அது நெட்வொர்க் கார்டா வராம சீரியல் போர்ட்டா வந்துச்சு, டிடிஒய்யூஎஸ்பி0, 1, 2-னு மூணு. தம்பி மினிகாம்னு, மோடம் கூட நேரா பேசற புரோகிராம் ஒன்னத் தொறந்து ஏடிஐ-னு அடிச்சான், மோடம் தன் பேரச் சொல்லுச்சு. சிக்னல் எவ்ளோனு கேக்கற ஏடி பிளஸ் சிஎஸ்க்யூ அடிச்சான், 17-னு வந்துச்சு. 0-ல இருந்து 31 வரைக்கும் ஒரு அளவு, ரெண்டால பெருக்கி 113-ல இருந்து கழிச்சா மைனஸ் 79 டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு, பூஜ்யத்துக்குக் கிட்ட வர வர நல்லது), நல்ல சிக்னல். 99 வந்தா தெரியலனு அர்த்தம். மேல இருக்கற கோடுங்கள நம்பாதீங்க, இந்த நம்பர நம்புங்க.

ஏடினு பாத்ததும் அது வரைக்கும் எதுவும் பேசாம சோல்டர் வச்சிக்கிட்டு இருந்த தவுக்கே திடீர்னு தலயத் தூக்குனாரு. லோ யாட் வர்றதுக்கு முன்னாடி பக்கத்துல இம்பி பிளாசால கடை வச்சிருந்தாராம், டயல் அப் காலம், 1515-க்கு கால் போட்டு டிஎம்நெட் இன்டர்நெட் புடிக்கிற காலம். ஏடி கமாண்டு ஹேய்ஸ் கம்பெனி 1981-ல ஸ்மார்ட்மோடத்துக்குப் போட்டது, இன்னிக்கு 4ஜி மோடமும் அதுக்குத் தான் பதில் சொல்லுது, அவருக்கு அதுல ஒரு பெருமை. அப்ப லினக்ஸ் ஆளுங்க வந்து மோடம் கேட்டா வெளில வைக்கிற சீரியல் மோடம் மட்டும் தான் குடுப்பாராம். உள்ள சொருகற விலை கம்மி கார்டு, வின்மோடம்பாங்க, அதுல மோடம் செய்ய வேண்டிய பாதி வேலைய கம்ப்யூட்டரோட சிபியு தலைல கட்டிருப்பாங்க, அந்த வேலையச் செய்யற சாப்ட்வேர் விண்டோஸுக்கு மட்டும் தான் இருக்கும், லினக்ஸ்ல அது வெறும் தகடு. "இப்பவும் அதே கத தான்"னு என் வைஃபை டாங்கிளக் காட்டுனாரு மலாய்ல. மனுஷன் லினக்ஸ் ஒரு நாள் கூட யூஸ் பண்ணதில்லயாம். ஆனா எது ஓடும் எது ஓடாதுனு கஸ்டமர் திருப்பிக் குடுத்தத வச்சே முப்பது வருஷக் கணக்கு வச்சிருக்காரு.

நான் ஈ3372-ஐயே எடுத்தேன், 95 வெள்ளி. பத்துப் பதினஞ்சு வெள்ளி கம்மில வெளில கெடைக்கும், தெரியும். கொறை என்னன்னா அது குட்டி ரவுட்டரா இருக்கறதால வெளில இருந்து உள்ள கனெக்ட் பண்றது சுலபமில்ல, கேமரா கீமரா வச்சுப் பாக்கணும்னு நெனக்கிறவங்களுக்கு ஆகாது. டியூஷன் சென்டருக்கு போதும்.

சென்டர்ல வச்சதும் ஒரு பிரச்சன வந்துச்சு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ விட்டு விட்டு வந்துச்சு. ரெண்டு காரணம். ஒன்னு, பழைய லேப்டாப்போட யூஎஸ்பி 2 போர்ட்டு தர்றதே 500 மில்லி ஆம்ப் வரைக்கும் தான், அதுல நான் ஹப்பு போட்டு மவுஸு, டாங்கிள்னு எல்லாத்தையும் தொங்க விட்டிருந்தேன். டாங்கிள மட்டும் தனிப் போர்ட்டுக்கு மாத்துனேன். ரெண்டாவது, நடு ஹால்ல சிக்னல் மைனஸ் 112, ஜன்னல் ஓரம் மைனஸ் 94. ஒன்ர மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி ஜன்னல் கம்பில ரப்பர் பேண்டு போட்டு கட்டி வச்சிருக்கேன், பாக்க கேவலமா இருக்கு, ஓடுது. இன்னொன்னு, வைஃபை டாங்கிள் பக்கத்துல யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் சொருகாதீங்க. யூஎஸ்பி 3 கெளப்பற எரச்சல் சரியா 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து விழும், இன்டெல்லே 2012-ல இத ஒரு பேப்பரா போட்டுட்டாங்க. பேக்கப் ஓடறப்ப மட்டும் வைஃபை சாகுதுனு எங்கக்கா சொன்னப்ப நான் நம்பல, அவ சொன்னது சரி.

இப்ப ரசீது பிரிண்டர். இதுக்காகத் தான் இந்தக் கடைக்கு ஒரு ஸ்டார் கூட போடணும்.

அது சீரியல் பிரிண்டர், சிஎச்340 சிப்பு போட்ட யூஎஸ்பி கேபிள்ல ஓடும். விண்டோஸ்ல ஓடுச்சு. அந்த மிண்ட் 21 லேப்டாப்ல சொருகுனா லைட்டு எரியும், டிடிஒய்யூஎஸ்பி0 போர்ட்டு தேடுனா இருக்காது. வேற ஒரு ரிப்பேர் ஆளு கிட்ட காட்டுனப்ப போர்டு போச்சு, 180 வெள்ளி ஆகும்னாரு. ரெண்டாவது சனிக்கிழமை அதையும் தூக்கிக்கிட்டு தம்பி கிட்ட போனேன். திரும்ப டிமெசேஜ். சிஎச்341 டிரைவர் (340-க்கும் அதே தான்) வருது, டிடிஒய்யூஎஸ்பி0 கூட வருது, ஒரு செகண்டுல பிடுங்கிட்டுப் போகுது. தம்பி விரல வச்சுக் காட்டுனான், கடைசி வரில ஒரு பேரு, பிஆர்எல்டிடிஒய். பார்வை இல்லாதவங்க பயன்படுத்தற ப்ரெய்ல் டிஸ்ப்ளேக்கான புரோகிராம் அது. சில ப்ரெய்ல் கருவிலயும் இதே சிப்பு, இதே 1ஏ86:7523 நம்பர், அதனால என் பிரிண்டரப் பாத்து ப்ரெய்ல் கருவினு நெனச்சு எடுத்து வச்சுக்குது. உபுண்டு 22.04-ல இருந்த பிரச்சன, மிண்ட் 21 அதுல இருந்து வந்தது தானே.

நெட்ல எல்லாரும் அந்த புரோகிராமயே தூக்கிருனு சொல்வாங்க. தம்பி தூக்கல. "அண்ணே, டியூஷன்ல நாளைக்கு கண்ணு தெரியாத புள்ள வந்தா?"னு கேட்டுட்டு, யூடெவ் ரூல் ஃபைல்ல (எந்த சாமான் வந்தா என்ன செய்யணும்னு சொல்ற ஃபைல்) அந்த நம்பர் உள்ள ஒரு வரிய மட்டும் முன்னால ஹேஷ் போட்டு மூடுனான். கூடவே என் யூசர டயல்அவுட் குரூப்ல சேத்தான், இல்லனா போர்ட்டு வந்தாலும் எழுத பெர்மிஷன் இருக்காது. நடுவுல என் லேப்டாப் பேட்டரி பொட்டுனு போச்சு, சார்ஜர் கொண்டு போகல, அவன் சார்ஜர கழட்டிக் குடுத்தான். லாகவுட் பண்ணி உள்ள வந்து ஒரு எக்கோ கமாண்டு விட்டோம், பிரிண்டர் கர்ர்ர்னு ஒரு சத்தம், பேப்பர்ல "வணக்கம்"னு அடிக்க ஆசப்பட்டோம், தமிழ் ஃபாண்டு இல்லாததால அஞ்சாறு பொம்ம எழுத்தா வந்துச்சு. தவுக்கே எட்டிப் பாத்து சிரிச்சாரு. 180 வெள்ளி வேலைக்கு எவ்ளோனு கேட்டேன், தே தாரிக் வாங்கிக் குடுங்கன்னான்.

பெரிய பிரிண்டர் பத்தி நெறைய சொல்ல ஒன்னுமில்ல. டப்பால ஏர்பிரிண்ட்னு போட்டிருந்தா எடுங்க, அந்த வகை டிரைவரே இல்லாம கப்ஸ்ல, அதான் லினக்ஸோட பிரிண்டர் சிஸ்டத்துல, தானா வந்துரும். எங்களுது அப்படித் தான் வந்துச்சு.

கடைல கொறை இல்லாம இல்ல. பதினொன்ற மணிக்கு முன்னாடி போனா ஷட்டர் தான். கார்டு எடுக்க மாட்டாங்க, ரொக்கம் இல்லனா டுயிட்நவ் கியூஆர். செகண்ட் ஹேண்டுக்கு ஒரு வாரம் தான் வாரண்டி, அதுவும் தவுக்கே ரசீது பின்னால பேனால கிறுக்கித் தர்றது, தொலச்சா போச்சு. தம்பி லீவுனா லினக்ஸ் கேள்விக்கு அங்க ஆளு கெடையாது, சாமான் மட்டும் சொருகிப் பாக்கலாம். சனிக்கிழமை மதியம் கூட்டம், ஒரு மணி நேரம் நின்னுருக்கேன்.

ஸ்டார் கேட்டா அஞ்சுக்கு நாலர. அர ஸ்டார் வெலைக்குக் கொறச்சது.

அக்கா இப்ப ஸ்கேனர் வேணும்ங்கறா, புள்ளைங்க பரீட்ச பேப்பர எல்லாம் சேத்து வைக்கணுமாம். அடுத்த சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குப் போறேன், லேப்டாப் ஒன்னு போதும், சார்ஜர் மொத ஆளா பைக்குள்ள போயிருச்சு.